மனசு ஒப்பவில்லை: எண்ணச் சுழற்சி நோயும் அதற்கு நாம் சொல்லும் பதில்களும்

மீனாட்சியம்மன் சன்னதியில் மாலை வரிசை மெல்ல நகர்ந்து, தீபாராதனைத் தட்டு உயர்கிற நொடியில், கைகூப்பி நிற்கும் 19 வயதுப் பையன் ஒருவனின் மனத்தில் அம்மனைப் பற்றிய ஒரு கெட்ட வார்த்தை வந்து விழுகிறது. அவன் அதை அழைக்கவில்லை, விரும்பவில்லை, அதற்கு முந்தைய நொடிவரை அப்படி ஒன்று தனக்குள் எழக்கூடும் என்றே அறியான். பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்க்கிறான். அந்தப் பையன் நான்தான். அன்று கீழமாசி வீதியிலிருந்து சிம்மக்கல் வரும்வரை ‘தாயே, மன்னிச்சுக்க’ என்று ஒன்பது ஒன்பது தடவையாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். எண்ணிக்கை இடையில் தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு ஆண்டுக்குள் அந்த ஒன்பது எண்பத்தொன்றாகியிருந்தது. கோயில் கண்ணில் படாத வழியாகக் கல்லூரிக்குப் போக முயன்றேன். மதுரையில் அப்படி ஒரு வழி கிடைப்பது அரிது. இதற்கு ஒரு பெயர் உண்டு, மருத்துவமும் உண்டு என்று நான் அறிந்தபோது எனக்கு 23 வயது.

தமிழில் இதனை எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். பேச்சில் அதன் ஆங்கிலச் சுருக்கமான ஓசிடி (OCD) என்பதே நிலைத்துவிட்டது. அந்தச் சொல் பரவிய வேகத்தில் அதன் பொருளில் பாதி உதிர்ந்துபோனது என்பது என் வருத்தம். மேசையை ஒழுங்காக அடுக்கி வைப்பவரும், செருப்பை வரிசையாக விடச் சொல்பவரும் ‘எனக்குக் கொஞ்சம் ஓசிடி’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். கை கழுவிக்கொண்டே இருப்பவர், பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பவர் ஆகிய இருவரையுமே மக்கள் இந்த நோயின் உருவமாக அறிந்திருக்கிறார்கள். எதையும் கழுவாமல், எதையும் தொடாமல், வகுப்பறையிலோ பேருந்திலோ அமைதியாக உட்கார்ந்தபடி உள்ளுக்குள் நாள் முழுவதும் மன்றாடிக்கொண்டும் எண்ணிக்கொண்டும் தன்னைத் தானே விசாரித்துக்கொண்டும் இருப்பவரை யாரும் இந்த நோயாளியாகக் கருதுவதில்லை. அவரும் தம்மை அப்படிக் கருதுவதில்லை. தாம் கெட்டவர் என்றே கருதுகிறார்.

மருத்துவர்கள் இரண்டு கூறுகளைப் பார்க்கிறார்கள். ஒன்று, விரும்பாமல் திரும்பத் திரும்ப வந்து அச்சத்தையோ அருவருப்பையோ கிளப்பும் எண்ணம், காட்சி, உந்துதல். மற்றொன்று, அந்த அச்சத்தைத் தணிப்பதற்காகச் செய்தே தீர வேண்டியதாகிவிட்ட செயல். அது கையால் செய்வதாகவும் இருக்கலாம், மனத்தாலேயே செய்வதாகவும் இருக்கலாம். இவை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றாலோ, படிப்பையும் வேலையையும் உறவையும் முடக்கினாலோ அது நோய். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் தன் வகைப்பாட்டைத் திருத்தியபோது, அதுவரை பதற்ற நோய்களோடு சேர்த்து வைத்திருந்த இதனைத் தனி அத்தியாயமாகப் பிரித்தது. இந்தியாவில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் ஏறத்தாழ 0.8 சதவீதம் பேருக்கு இந்த நோய் அப்போது இருந்ததாகக் கண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் மதுரை மாவட்டத்துக்கு இந்த விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால், பெரியவர்களை மட்டும் எண்ணினாலும் பதினாயிரம் பேரைத் தாண்டும். பெரும்பாலும் இது தொடங்குவது பிள்ளைப் பருவத்திலும் இருபது வயதை ஒட்டியும் என்பதால், அவர்களில் பலருக்கு அது பள்ளியிலோ கல்லூரியிலோ இருந்தபோதே தொடங்கியிருக்கும்.

எண்ணத்திலிருந்து தொடங்குவோம். யானைக்கல் பாலத்தில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிட்டால் என்ன என்று தோன்றுவது, அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது மடியில் தவழ வரும் குழந்தையைப் பார்த்து ஒரு கோரக் காட்சி மின்னி மறைவது, சாவு வீட்டில் சிரித்துவிடுவோமோ என்று பயப்படுவது, வணங்கத்தக்கவரைப் பற்றி ஆபாசமாகத் தோன்றுவது ஆகியவை நோயாளிகளுக்கு மட்டும் உரியவை என்றுதான் நீண்ட காலம் நம்பப்பட்டது. 1978-இல் உளவியலாளர்களான ஸ்டான்லி ராக்மனும், இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய பத்மல் டி சில்வாவும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை உடைத்தது. நோயில்லாதவர்களிடம் கேட்டபோது அவர்களில் மிகப் பெரும்பாலோர் இத்தகைய எண்ணங்கள் தமக்கும் வருவதாகச் சொன்னார்கள். நோயாளிகளின் எண்ணங்களையும் மற்றவர்களின் எண்ணங்களையும் கலந்து கொடுத்தபோது, எது யாருடையது என்று பிரித்துச் சொல்வது துறை அறிந்தவர்களுக்கே எளிதாக இல்லை. 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஆறு கண்டங்களில் 13 நாடுகளைச் சேர்ந்த 777 பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்கப்பட்டது, அவர்களில் 93.6 சதவீதம் பேர் கடந்த மூன்று மாதத்துக்குள் இப்படி ஓர் எண்ணமேனும் வந்ததாகக் கூறினர்.

ஆகவே கேள்வி மாறிவிடுகிறது. எல்லோருக்கும் வரும் எண்ணம் சிலரிடம் மட்டும் ஏன் தங்கிவிடுகிறது? 1985-இல் பால் சால்கோவ்ஸ்கிஸ் என்ற உளவியலாளர் முன்வைத்த விளக்கம் இன்றுவரை சிகிச்சைக்கு அடிப்படையாக இருக்கிறது. எண்ணம் வந்ததும், ‘இது எனக்கு வந்துவிட்டதே, இதனால் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு என்னுடையது, தடுக்காமல் விட்டால் நானே செய்ததற்குச் சமம்’ என்று பொருள் கொள்பவரிடம் அது தங்குகிறது. எண்ணியதும் செய்ததும் ஒன்று என்னும் இந்த ஒட்டுதல்தான் முள். குப்பை லாரி தெருவைக் கடந்து போவதைப்போல எண்ணத்தைக் கடக்க விடுபவருக்கு முள் இல்லை. அந்த லாரியை நிறுத்தி, உள்ளே இருப்பது யாருடைய குப்பை என்று கிளறிப் பார்ப்பவருக்கே தைக்கிறது. அப்படிக் கிளறுபவர் பெரும்பாலும் மனசாட்சி மிகுந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த எண்ணங்கள் ஒருவர் எதை உயிராக மதிக்கிறாரோ அங்கேதான் போய்க் குத்துகின்றன: பக்தியுள்ளவருக்குத் தெய்வ நிந்தனையாக, குழந்தையை நேசிப்பவருக்குக் குழந்தையின் தீங்காக, நேர்மையான கணக்கருக்குக் கையாடலாக.

நம் பண்பாட்டிலேயே மனத்தால் நினைப்பதும் குற்றம் என்ற போதனை ஆழமாக இருக்கிறதே என்று கேட்கலாம். ‘உள்ளத்தால் உள்ளலும் தீதே’ என்ற குறளைப் பள்ளியில் படித்த நாளில் நான் தூங்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, மருத்துவம் தொடங்கிய பிறகுதான், அதன் மீதியையும் சேர்த்து நிதானமாகப் படித்தேன்: ‘பிறன்பொருளைக் கள்ளத்தால் கள்வேம் எனல்.’ கள்வோம் என்று ஒருவர் உள்ளத்தில் தீர்மானிப்பதையே வள்ளுவர் தீது என்கிறார். தானாக வந்து விழுந்து, வந்த நொடியிலேயே ஒருவரை நடுங்க வைக்கும் எண்ணத்தில் தீர்மானம் எங்கே இருக்கிறது? இந்த வேறுபாட்டை நோயாளி அறிவால் நன்றாகவே அறிவார். அறிந்தும் மனம் அடங்காது என்பதுதான் துன்பம்.

மனம் அடங்காததற்குக் காரணம், அதை அடக்க எடுக்கும் முயற்சியே. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன வைத்தியரின் கதையை நம் வீடுகளில் கேட்காதவர் இல்லை. குரங்கு ஏறாமல் ஒரு மடக்கும் இறங்காது. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் வெள்ளைக் கரடி ஒன்றை நினைக்கக் கூடாது என்று சிலரிடம் சொல்லிச் சோதித்தபோது, பிறகு நினைக்கலாம் என்றதும், முதலிலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அடக்கி வைத்திருந்தவர்களுக்கே அது அதிகமாக வந்தது. எண்ணம் போய்விட்டதா என்று பார்ப்பதற்கே அந்த எண்ணத்தை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. காவலாளியே கள்ளனை அழைத்து வந்துவிடுகிறான்.

அடக்க முடியாதபோது மனம் பதில் தேடுகிறது. மன்னிப்பு, எண்ணிக்கை, கழுவுதல், திரும்பிப் போய்ப் பார்த்தல், ‘நான் அப்படிப்பட்டவன் இல்லையே’ என்று வாழ்நாள் முழுவதையும் சாட்சியாக வைத்து வாதாடுதல். பதில் கிடைத்ததும் நெஞ்சு லேசாகிறது. இந்த லேசுதான் வினை. அடுத்த முறை எண்ணம் வரும்போது, போன தடவை பதில் சொன்னதால்தான் தப்பித்தோம் என்று மூளை குறித்து வைத்துக்கொண்டிருக்கும். ஒன்றும் நடந்திருக்காது என்பதை அறியும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. பதில் கூடக் கூடக் கேள்வியும் கூடும். மதுரைப் பக்கத்தில் இதற்குச் சரியான ஒரு சொல் வழக்கில் இருக்கிறது: ‘மனசு ஒப்பல.’ கதவு பூட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரிகிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை. கை சுத்தமாகத்தான் இருக்கிறது, மனசு ஒப்பவில்லை. நகைக் கடையில் கணக்கு மூன்று முறை ஒத்துப்போய்விட்டது, கணக்கு எழுதியவரின் மனசு ஒப்பவில்லை. அறிவு தரும் உறுதிக்கும் உள்ளம் கேட்கும் உறுதிக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை எத்தனை பதிலாலும் நிரப்ப முடியாது. எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. நோய் வளர்வது நாம் சொல்லும் பதிலில்.

எங்கள் ஊரில் இந்தப் பதில்களுக்குப் பஞ்சமில்லை. பரிகாரம், நேர்த்திக்கடன், திருஷ்டி கழித்தல், தீட்டுக் கழித்தல், தாயத்து, மந்திரித்த திருநீறு என்று அச்சத்துக்கு விடை தரும் வழிகள் வழிவழியாக இருக்கின்றன. இவற்றை நோய்க்குக் காரணம் என்று சொல்வது பிழை. சடங்குகள் குறைந்த நாடுகளிலும் இந்த நோய் இருக்கிறது, அங்கே அது கிருமியையும் அடுப்பு எரிவாயுவையும் பிடித்துக்கொள்கிறது. ஊர் தருவது நோயின் உடை மட்டுமே. வங்காளத்தில் மிதமிஞ்சிய தூய்மைப் பித்துக்குச் சுசிபாய் என்று மக்களே பெயர் வைத்திருக்கிறார்கள்; நம்மிடம் ‘சுத்தக்காரி’ என்ற சொல் பாதி பாராட்டாகவும் பாதி கேலியாகவும் உலவுகிறது. அந்தப் பாராட்டுப் பகுதிதான் பல பெண்களின் நோயைப் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு மறைத்து வைக்கிறது. சாவு வீட்டுக்குப் போய் வந்து தலை முழுகுவது வழக்கம். சாவு வீட்டுத் தெரு வழியாக வந்த பேருந்தில் ஏறியதற்காகத் தலை முழுகி, பிறகு அந்த வாளியைக் கழுவி, வாளியைத் தொட்ட குழாயைக் கழுவி, குடத்துக்கு இவ்வளவு என்று விலைக்கு வாங்கிய தண்ணீரை விடியுமுன் தீர்த்துவிடுவது நோய். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று பலரும் கேட்கிறார்கள். நான் கண்டவரை ஒரு வேறுபாடு தெளிவானது: சடங்குக்கு முடிவு உண்டு. பூசாரி ‘ஆச்சு, கிளம்புங்க’ என்று சொல்லிவிடுவார், போனவர் திரும்பி வந்து சாப்பிட்டுத் தூங்குவார். நோய் ‘ஆச்சு’ என்று சொல்வதே இல்லை.

மதங்கள் இதை அறியாதவை அல்ல என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளுவைச் செய்து முடித்த பிறகும் முழங்கை நனைந்ததா என்று ஐயம் எழுந்து திரும்பத் திரும்ப ஒளு செய்பவரை, வஸ்வாஸ் பிடித்தவர் என்று முஸ்லிம் குடும்பங்களில் சொல்வார்கள். அந்த ஊசலாட்டத்துக்கு இடம் கொடுக்காமல் தொழுகைக்குப் போய்விடு என்பதே பெரியவர்கள் சொல்லும் அறிவுரை. வாயால் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் உள்ளத்தில் எழுகின்றன என்று தோழர்கள் சிலர் முறையிட்டபோது, அப்படி அஞ்சுவதே தெளிவான ஈமான் (இறைநம்பிக்கை) என்னும் பொருள்பட நபிகள் நாயகம் விடையளித்ததாக ஒரு நபிமொழி (ஹதீஸ்) இருக்கிறது. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர், துயரம், அச்சம் ஆகியவற்றிலிருந்து இந்த ஊசலாட்ட எண்ணங்களைப் பிரித்துத் தனி நோயாகவே விவரித்திருக்கிறார். கத்தோலிக்கரிடையே ஒரே பாவத்தை மனசு ஒப்பாமல் மீண்டும் மீண்டும் குருவிடம் அறிக்கையிட, அதாவது பாவசங்கீர்த்தனம் செய்ய, வருபவரை, சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டாம் என்று அனுபவமுள்ள குருக்கள் திருப்பி அனுப்புவதுண்டு. இந்த அறிவுரைகளில் உள்ள அறிவு ஒன்றே: பதில் சொல்லாதே, நகர்ந்து போ.

ஆனால் நடைமுறையில் முதலில் நடப்பது வேறு. பையன் பேசாமல் இருக்கிறான், குளியலறையில் இரண்டு மணி நேரம் நிற்கிறான், பரீட்சைத் தாளில் எழுதியதையே அடித்து அடித்து எழுதுகிறான் என்றால், ‘காத்து கருப்பு’ என்று குறி சொல்லும் கோடாங்கியிடம் போகிறார்கள், பாண்டி கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். நம்பிக்கையோடு போவதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவரையும் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஏனெனில் பரிகாரம் இந்த நோயிடம் ஒரு பதிலாகவே போய்ச் சேர்கிறது. மூன்று நாள் நெஞ்சு லேசாக இருக்கும். நான்காம் நாள், எலுமிச்சம்பழத்தைச் சரியான கையால்தான் வாங்கினேனா என்ற கேள்வி வரும்.

பிள்ளை பெற்ற பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கும் பெண்ணுக்கு, குழந்தையைக் குளிப்பாட்டும்போது தண்ணீரில் அமுக்கிவிடுவது போன்ற காட்சி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் அதை யாரிடமும் சொல்ல மாட்டாள்; சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள், புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். குழந்தையைத் தூக்கவே அஞ்சி, அதைத் தன் அம்மாவிடமே விட்டுவிடுவாள். ‘பெத்த பிள்ளை மேல பாசமே இல்லை’ என்று பேர் வரும். புதிதாகப் பிள்ளை பெற்றவர்களிடம் கேட்ட ஆய்வுகளில், குழந்தைக்குத் தாமே தீங்கு செய்துவிடுவது போன்ற எண்ணம் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒரு முறையாவது வந்திருப்பது தெரிகிறது. அந்த எண்ணத்தைக் கண்டு நடுங்கும் தாயால் குழந்தைக்கு ஆபத்து இல்லை. இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு நிலை உண்டு: பிரசவத்துக்குப் பின் நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல், பேச்சு தடுமாறி, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகளைச் சந்தேகமின்றிச் சொல்லும் தாய்க்கு அன்றைக்கே மருத்துவமனை தேவை. முன்னவள் தன் எண்ணத்தைக் கண்டு அஞ்சுகிறாள், பின்னவள் அதை நம்புகிறாள்.

உடல் சார்ந்த காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. நெற்றிக்குப் பின்னே உள்ள மூளைப் பகுதிக்கும், ஆழத்தில் உள்ள நரம்பு முடிச்சுகளுக்கும் இடையே ஓடும் ஒரு சுற்று, நோயாளிகளிடம் மிகையாக இயங்குகிறது; ‘ஏதோ சரியில்லை’ என்ற மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. 1992-இல் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் லாஸ் ஏஞ்சலிஸில் செய்த மூளைப் படப் பரிசோதனையில், மாத்திரையால் தேறியவர்களிடமும், மாத்திரையே இல்லாமல் நடத்தைப் பயிற்சியால் தேறியவர்களிடமும் அந்தச் சுற்றின் ஒரே பகுதியில் மிகை இயக்கம் தணிந்திருந்தது. பயிற்சி என்பது வெறும் அறிவுரை என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்தப் பயிற்சியின் தொடக்கம் 1966. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், வேறெதற்கும் அசையாத இரண்டு நோயாளிகளை, அவர்கள் அஞ்சும் பொருளுக்கும் சூழலுக்கும் நடுவே இருக்கவைத்து, வழக்கமான பரிகாரச் செயலைச் செய்யாமல் செவிலியர் துணையோடு தடுத்துப் பார்த்தார். அச்சம் ஏறி, நின்று, தானாக இறங்கியது. இன்று யாரும் வலுக்கட்டாயமாகத் தடுப்பதில்லை. நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து, அஞ்சுபவற்றை எளியதிலிருந்து கடியது வரை படியாக எழுதிக்கொள்கிறார்கள். மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் கைப்பிடிக் கம்பியைத் தொட்டுவிட்டு, கழுவாமல் பத்து நிமிடம் இருப்பது ஒரு படி. அதே கையால் தன் வீட்டுக் கதவைத் திறப்பது அடுத்த படி. அந்தக் கையோடு ஒரு வடை வாங்கித் தின்பது அதற்கும் மேல். கடையின் ஷட்டரை ஒருமுறை பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் தெருமுனை தாண்டுவது வேறொருவரின் படி.

எண்ணமே நோயாக இருப்பவருக்குப் படிகள் கண்ணுக்குத் தெரியாதவை. எனக்குச் சொல்லப்பட்டது, கோயிலுக்குப் போ, அந்த வார்த்தை வந்தால் வரட்டும், மன்னிப்புக் கேட்காமல் வெளியே வா என்பது. கேட்க எளிது. முதல் நாள் அம்மன் சன்னதிவரை போகாமல் தெற்குக் கோபுர வாசலிலேயே வியர்த்துத் திரும்பினேன். அந்த வார்த்தை உண்மையில் என்னுடைய விருப்பமா இல்லையா என்ற வழக்கைத் தீர்க்காமலே விட்டுவிட வேண்டும் என்பதுதான் மிகக் கடினமான பகுதி. ‘இல்லை’ என்று சொன்னால் அது பதில். ‘ஆம்’ என்று சொன்னாலும் பதில். எங்கள் பக்கத்தில் தோளைக் குலுக்கிச் சொல்லும் ‘இருந்தா இருந்துட்டுப் போகுது’ என்ற தொடரைச் சிகிச்சையாளர் பிடித்துக்கொண்டார். உறுதி கேட்கும் மனத்துக்கு உறுதியைத் தராமல் நகர்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை. ஆனால் எச்சரிக்கை வேண்டும்: ஒரு மாதத்தில் நான் அதையே ஒன்பது தடவை சொல்லத் தொடங்கியிருந்தேன். இந்த நோய் எதையும் மந்திரமாக்கிவிடும். மூச்சுப் பயிற்சியையும், நாமஜபத்தையும், ஏன், இத்தகைய கட்டுரைகளை நள்ளிரவில் திரும்பத் திரும்பத் தேடிப் படிப்பதையும்கூட.

பயிற்சியைக் கடைசிவரை செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நன்றாகத் தேறுகிறார்கள். முற்றிலும் எண்ணமே வராத நிலை என்பதை யாரும் வாக்களிப்பதில்லை. மாத்திரைகளில், மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின், ஃப்ளூவோக்சமைன் போன்றவையே இதற்கும் தரப்படுகின்றன, பெரும்பாலும் மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவில். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாம் வாரமே ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இன்னும் பழைய க்ளோமிப்ரமின் நன்கு வேலை செய்யும், ஆனால் வாய் உலர்தல், மலச்சிக்கல் போன்ற பக்க விளைவுகள் கூடுதல். தூக்க மாத்திரைகள் இந்த நோயைத் தீர்ப்பதில்லை. எனக்கு முதலில் கிடைத்தது அதுதான், தூங்கி எழுந்ததும் எண்ணிக்கை விட்ட இடத்திலேயே காத்திருந்தது. மருத்துவரைக் கேட்காமல் எதையும் திடீரென நிறுத்தக் கூடாது.

வைகையின் வடகரையில் பனகல் சாலையில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கட்டணமின்றிப் பார்க்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் வட்ட மருத்துவமனைகளுக்கும் மனநல மருத்துவர்கள் குறித்த நாள்களில் வருகிறார்கள். உசிலம்பட்டிக்காரரோ மேலூர்க்காரரோ நகரத்துக்கு வராமலே அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் இந்த நோய்க்கென்றே தனிப் பிரிவு உள்ளது. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். 2017 மனநலச் சட்டம் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. வரன் பேசும் வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு இது முக்கியம். மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. மாடியில் நிற்கும்போது குதித்துவிடுவோமோ என்று பயப்படுவது இந்த நோயின் எண்ணமாக இருக்கலாம். ஆனால் இந்த நோயால் ஆண்டுக்கணக்கில் களைத்துப்போனவருக்கு, வாழ வேண்டாம் என்ற எண்ணம் உண்மையாகவே வரவும் கூடும். அப்படித் தோன்றினால் தானாகப் பகுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சையில் வீட்டாரின் பங்கு பற்றி நான் தாமதமாகத்தான் அறிந்தேன். அன்புள்ள வீடு நோய்க்கு வேலை செய்யத் தொடங்கிவிடும். மகள் கேட்கிறாள் என்று தந்தை வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார், தம்பி தனித் தட்டில் சாப்பிடுவான், மனைவி அடுப்பை அணைத்த படத்தைக் கைபேசியில் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்புவாள். எங்கள் வீட்டில் அது ஒரு கேள்வியாக இருந்தது. தினமும் படுக்கப் போகுமுன், ‘ஒண்ணும் ஆகாதுல்லம்மா?’ என்று கேட்பேன். ‘ஒண்ணும் ஆகாதுப்பா, தாயி பார்த்துக்குவா, தூங்கு’ என்று அம்மா சொல்வார். அது ஒரு தடவையில் தொடங்கி, இரவில் பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் போயிருந்தது. சிகிச்சையாளர் அம்மாவை இரண்டு முறை அழைத்துப் பேசினார். எதையும் திடீரென நிறுத்த வேண்டாம், பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், கோபப்படாதீர்கள், கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள் என்றார்.

முதல் இரவு நான் கேட்டபோது அம்மா, ‘எனக்குத் தெரியலப்பா. பால் சூடு பண்ணவா?’ என்றார். நான் கத்தினேன், பெற்ற தாய்க்கே என் மேல் இரக்கம் இல்லை என்று சொன்னதாக நினைவு. இரண்டாம் இரவும் அப்படியே. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் நான் கேட்க மறந்து தூங்கிப்போனேன். அந்த மூன்று வாரமும் என்னைவிட அவருக்குத்தான் கடினமாக இருந்தது என்பதை, பல ஆண்டுகளுக்குப் பிறகு அக்கா சொல்லித்தான் அறிந்தேன். நான் கேட்கும் நேரம் நெருங்கும்போதே அம்மா பின்கட்டுக்குப் போய்விடுவாராம். விளக்கைப் போடாமல், கழுவி வைத்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவிக்கொண்டு நிற்பாராம்.